மலைப்பூ மலையிலேயே பூக்கட்டும்



ஜொகூர் சாலையோர மரங்களில் ஒட்டி வளரும் புறா ஆர்க்கிட்டைப் பார்த்திருப்பீர்கள். கனமழை பெய்து காற்று குளிர்ந்தால், ஏறக்குறைய 9ஆம் நாள், வட்டாரமெங்கும் ஒரே காலையில் வெள்ளை வெளேரெனப் பூக்கும். ஒரே நாளில் வாடிவிடும். நம் வெயிலும் மழையும் பழகிய இதுவே புதிதாக வளர்ப்போருக்கு நல்ல தொடக்கம்.

அரிய வகைதான் வேண்டுமா? குனோங் லேடாங் மலைப் பக்கம் காட்டில் வளரும் செருப்பு ஆர்க்கிட்டைப் பிடுங்கிவராதீர்கள். வேரறுந்த காட்டுச்செடி பூச்சட்டியில் பிழைப்பது அரிது. காட்டில் எடுத்த செருப்பு ஆர்க்கிட்டை நாடுவிட்டு நாடு கொண்டுபோய் விற்க 1990 முதல் அனைத்துலகத் தடையும் உண்டு. விதையிலிருந்து கண்ணாடிப் புட்டியில் வளர்த்த நாற்றா என்று கேட்டு வாங்குங்கள். வேரைத் தொட்டுப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் எடுங்கள், குழைந்திருந்தால் வேண்டாம்.

மலைப்பூ மலையிலேயே பூக்கட்டும்.