பிள்ளைகளுக்கு எதற்குப் பாலஸ்தீனம்?

(திருப்பதியில் நடந்த பெற்றோர் கூட்டத்தில், ஞாயிறு வகுப்பு ஆசிரியர்கள் சார்பில் ஆற்றிய உரை)



போன மாதம் வகுப்பில் பாலஸ்தீன மக்களின் அன்றாட வாழ்க்கையைப் பற்றிப் பாடம் நடத்தினோம். அதன் பிறகு உங்களில் சிலர் எங்களிடம் வந்து வருத்தப்பட்டீர்கள். "தமிழ் எழுதப் படிக்கக் கத்துக்கொடுங்கன்னு பிள்ளையை அனுப்பினா, போலீசு, துப்பாக்கின்னு பயமுறுத்தி அனுப்புறீங்களே" என்று ஒரு தாய் கேட்டார். சித்தூரில் மாங்கூழ்த் தொழிற்சாலையில் வேலை செய்யும் தோழர் ஒருவர், "எங்கேயோ இருக்கிற ஊரு நமக்கு எதுக்கு?" என்றார். கேள்வி நியாயமானது. பதில் சொல்ல வேண்டியது எங்கள் கடமை. அதற்காகத்தான் இன்று கூடியிருக்கிறோம்.

முதலில் எங்கள் தவறை ஒப்புக்கொள்கிறோம். முதல் ஞாயிறு ஒரு விளையாட்டு வைத்தோம். வகுப்பின் குறுக்கே கயிறு கட்டி, நாலு பிள்ளைகளைச் சிப்பாய்களாக நிறுத்தினோம். மற்றவர்கள் சீட்டைக் காட்டினால்தான் தண்ணீர்க் குடத்துக்குப் போகலாம் என்று ஏற்பாடு. பத்து நிமிடத்துக்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் சிப்பாய் வேடமே வேண்டியிருந்தது. ஒருவன் அடிக்கோலைப் பிடித்துக்கொண்டு சொந்தத் தங்கையையே திருப்பி அனுப்பினான். ஒரே சிரிப்பு. ஒன்பதாவது படிக்கும் பையன் ஒருவன் மட்டும் மூலையில் போய் உட்கார்ந்துவிட்டான். ஜவ்வாது மலைப் பக்கத்துக் குடும்பம். "எங்கப்பாவ பஸ்ஸுல இருந்து எறக்கினப்போ யாரும் சிரிக்கல சார்" என்றான். நாங்கள் கயிற்றை அவிழ்த்துவிட்டோம்.

அந்தத் தந்தையின் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறோம். ஊர்த் திருவிழாவுக்குப் போய்விட்டு வேலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். வழியில் பேருந்தை நிறுத்தி, "ஏ ஊரு?" என்று கேட்டிருக்கிறார்கள். தமிழில் பதில் வந்ததும் கையை விரிக்கச் சொன்னார்கள். உள்ளங்கையில் காய்ப்பு இருந்தது. கல்லும் கலவையும் தூக்குகிறவன் கை வேறு எப்படி இருக்கும்? கோடரி பிடித்த கை என்று முடிவு கட்டி இறக்கிவிட்டார்கள். ஒரு இரவும் ஒரு பகலும் வைத்திருந்து, கட்டட மேஸ்திரி வந்து சொன்ன பிறகு விட்டார்கள். வீட்டுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை.

இந்தச் சந்தேகம் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகளுக்குத்தான் தெரியவில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று, சந்திரகிரியை அடுத்த சேஷாசலம் காட்டில், செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களைச் சேர்ந்த தமிழ்க் கூலிகள். மலைக்கிராமத்து ஆட்கள் பலர். மரம் வெட்டியவர்கள் கல்லும் அரிவாளும் கொண்டு தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீசு. முதல் நாளே பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுபோனவர்கள்தாம் மறுநாள் பிணமாகக் கிடந்தார்கள் என்று, தப்பி வந்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் சாட்சி சொன்னார்கள். அவர்களில் ஒருவர், பேருந்தில் ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால், கணவன் மனைவி என்று நினைத்து விட்டுவிட்டார்கள் என்றார். இறந்தவர் குடும்பத்துக்குத் தலைக்கு 5 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணம் கொடுக்கும்படியும், சி.பி.ஐ. விசாரணை வேண்டும் என்றும் அதே ஆண்டு மே மாதம் ஆணையம் பரிந்துரைத்தது. 2018 பிப்ரவரியில், கடப்பா மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில், சேலம் மாவட்டத்து மலைக்கிராமத்தவர் ஐந்து பேர் பிணமாக மிதந்தார்கள்.

நம்மவர் யாரும் மரம் வெட்டப் போவதில்லை என்று நாங்கள் சாதிக்கவில்லை. தரகனின் முன்பணத்துக்கு மயங்கிப் போனவர்கள் உண்டு. வெட்டினவனுக்கு வழக்கு உண்டு, நீதிமன்றம் உண்டு. தமிழ் பேசினான் என்பதற்கு எந்த வழக்கும் கிடையாது.

இரண்டாவது ஞாயிறு பாடத்தை மாற்றினோம். வீட்டிலிருந்து பள்ளிக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிடம், வழியில் யார் நிறுத்தினார்கள் என்று ஒரு வாரம் நோட்டில் எழுதி வரச் சொன்னோம். ஆட்டோ நின்றது, ரயில்வே கேட் மூடியிருந்தது, மாடு குறுக்கே படுத்திருந்தது என்று எழுதி வந்தார்கள். அந்த நோட்டுக்குப் பக்கத்தில்தான் பாலஸ்தீன வரைபடத்தை வைத்தோம்.

பெத்லகேம் என்றால் நம் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தெரியும். அங்கிருந்து ஜெருசலேம் சுமார் பத்து கிலோமீட்டர். திருப்பதியிலிருந்து ரேணிகுண்டா போகிற தூரம். மேற்குக் கரையில் பச்சை அடையாள அட்டை வைத்திருக்கும் பாலஸ்தீனர், இஸ்ரேல் ராணுவ நிர்வாகம் கொடுக்கும் அனுமதிச் சீட்டு இல்லாமல் அந்தப் பத்து கிலோமீட்டரைக் கடக்க முடியாது. வண்டிகளின் எண் பலகை கூட வேறு நிறம். "நம்ம டி.என். வண்டியப் பாத்து நிறுத்துற மாதிரியா?" என்று ஒரு பெண்பிள்ளை கேட்டாள். ஏறக்குறைய அப்படித்தான், ஆனால் அங்கே சில சாலைகளில் வண்டி ஏறவே கூடாது என்றோம். 2023 தொடக்கத்தில் ஐ.நா. அலுவலகம் கணக்கெடுத்தபோது மேற்குக் கரையில் சாவடி, வாயில், மண்மேடு, பள்ளம் என்று 645 தடைகள் இருந்தன. 2025இல் எடுத்த கணக்கில் அது 849 ஆகிவிட்டது.

ஹெப்ரான் நகரத்தின் ஷுஹதா தெருவைப் பற்றித்தான் பிள்ளைகள் அதிகம் கேட்டார்கள். நம் காந்தி ரோடு போல ஒரு கடைத்தெரு. 1994இல் அந்நகரத்து மசூதியில் தொழுதுகொண்டிருந்த 29 பேரை யூதக் குடியேற்றக்காரன் ஒருவன் சுட்டுக் கொன்றான். அதற்குப் பின் படிப்படியாக அடைக்கப்பட்டது பாலஸ்தீனர்களின் கடைத்தெரு! "சுட்டவன் பக்கத்து ரோட்ட ஏன் சார் மூடல?" என்றார்கள். எங்களிடம் நல்ல பதில் இல்லை. பழைய ஹெப்ரானில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை புத்தகப் பையைத் திறந்து காட்டிவிட்டுப் போகிறது. 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் சாவடியிலேயே பிரசவமான தாய்மார்களைப் பற்றி ஐ.நா. அறிக்கைகள் உண்டு. அதைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை.

பாதுகாப்புக்காக என்று இஸ்ரேல் சொல்கிறது. பேருந்துகளிலும் உணவு விடுதிகளிலும் குண்டு வெடித்து இஸ்ரேலிய மக்கள் மாண்டதும் உண்மை, அதையும் சொன்னோம். ஆனால் 2002இல் கட்டத் தொடங்கிய சுவரின் பாதை பெரும்பகுதியும் எல்லைக் கோட்டின் மேல் போகவில்லை, மேற்குக் கரைக்குள்ளே நுழைந்து போகிறது. ஆலிவ் தோப்பு அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம். மாங்காய் முற்றியிருக்கும்போது தோப்புக் கதவைக் குறிப்பிட்ட நாளில்தான் திறப்பார்கள் என்றால் சித்தூர்க்காரனுக்கு எப்படி இருக்கும்? அந்தப் பாதை சர்வதேசச் சட்டத்துக்கு மாறானது என்று 2004 ஜூலை 9 அன்று சர்வதேச நீதிமன்றம் கருத்துரைத்தது. காசாவை இந்தப் பாடத்தில் நாங்கள் சேர்க்கவில்லை. 2007 முதல் முற்றுகை, 2023க்குப் பின் நடந்த அழிவு, இவை நடமாட்டத் தடை என்ற சொல்லுக்குள் அடங்குகிறவை அல்ல.

"எங்கேயோ இருக்கிற ஊர்" என்ற தோழருக்கு ஒன்று. இஸ்ரேலில் வேலைக்கு ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பாலஸ்தீனர் அனுமதிச் சீட்டோடு போய்க்கொண்டிருந்தார்கள். விடியலுக்கு முன்பே சாவடியில் வரிசை நிற்பார்கள். 2023 அக்டோபர் 7 தாக்குதலுக்குப் பின் அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குச் சீட்டு செல்லாமல் போயிற்று. அந்த இடத்தை நிரப்ப 2024இல் உத்தரப் பிரதேசத்திலும் ஹரியானாவிலும் ஆள் எடுத்து இந்தியத் தொழிலாளர்களை அனுப்பினார்கள். ஒரு கூலிக்காரனை வாசலில் நிறுத்திவிட்டு இன்னொரு கூலிக்காரனை உள்ளே விட்டார்கள். இது நம் தொழில் சங்கதி இல்லையா?

பாடத்தின் கடைசியில்தான் அந்தப் பையன் வாய் திறந்தான். "அப்போ நாங்களும் பாலஸ்தீனக்காரங்க மாதிரியா சார்?" என்று கேட்டான். இல்லை என்றோம். இதைச் சொல்வதற்காகத்தான் இத்தனை வாரம் எடுத்துக்கொண்டோம் என்று கூடச் சொல்லலாம். இந்தியா முழுவதும் தடையின்றி நடமாடும் உரிமை, அரசியலமைப்பின் 19ஆம் பிரிவில் உன் அப்பாவுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறது. மொழியைக் கேட்டு அவரை இறக்கினவர்கள் சட்டத்தை மீறினார்கள். அங்கே சாவடியில் நிறுத்துகிறவன் தன் ராணுவ உத்தரவை நிறைவேற்றுகிறான், அந்த உத்தரவே தடையாக இருக்கிறது. நீ முறையிடப் போனால் சட்டம் உன் பக்கம் நிற்கிறது. அவன் போனால் அதே சட்டம்தான் எதிரே உட்கார்ந்திருக்கிறது.

நமக்கும் சட்டமே தடையாக இருந்த காலம் உண்டு. வகுப்புக்கு வந்திருந்த ஒரு பாட்டி சொன்னார்: அவர் தகப்பனார் பக்கத்து ஊருக்குப் பெண் பார்க்கப் போகவும் சீட்டு வாங்கித்தான் போனாராம். வெள்ளைக்காரன் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டம். நம் சென்னை மாகாணத்தில் அது 1947இல்தான் நீக்கப்பட்டது, நாடு முழுவதும் 1952இல். அப்போது இந்தச் சித்தூரும் சென்னை மாகாணம்தான். 1911 வரை வேலூரோடு சேர்ந்து ஒரே வட ஆற்காடு. கோடு பிறகு நகர்ந்தது. நாம் அப்போதும் நடந்துகொண்டுதான் இருந்தோம்.

பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்ற தாய்க்கு: அந்தப் பயம் வகுப்பில் வந்ததல்ல அம்மா. அப்பா வீடு திரும்பாத அந்த இரவில் வந்தது. வகுப்பில் அதற்கு வாய் கொடுத்தோம், அவ்வளவுதான்.

இப்போது வேலை விஷயம். அரசியலமைப்பின் 19, 22 ஆகிய பிரிவுகளைப் பிள்ளைகளே தமிழிலும் தெலுங்கிலும் சீட்டில் எழுதியிருக்கிறார்கள். தெலுங்கு எழுத்து நம்மைவிட அவர்களுக்கு நன்றாக வரும். கைது என்றால் காரணம் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். வீட்டுக்கோ நண்பருக்கோ தகவல் சொல்ல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் சொன்னதும் அதில் இருக்கிறது. ஊருக்குப் போகிறவர்கள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாள், எந்த வண்டி என்று சங்கத்தில் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள், குறிப்பேடு வாசலில் இருக்கிறது. காட்பாடி வழியா, திருத்தணி வழியா என்பதையும் எழுதுங்கள். அங்கே போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் செய்யுங்கள்.

வேறு கேள்விகள் இருந்தால் கேட்கலாம். பின்னால் இருக்கும் தாய்மார்கள் முன்னே வாருங்கள்.