ஆங்கில நாட்டுச் சிற்றூரில் வீடு கொள்ளுதல்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று இலக்கியப் பொருள் ஒன்றைப் பற்றியே யாம் பேசுவோம் என உங்களிற் பலர் எண்ணி வந்திருப்பீர்கள். நன்னூல் கற்பிக்கும் தமிழாசிரியனுக்கு ஆங்கில நாட்டு வீட்டுக் கிரயத்தில் என்ன வேலை என்று கேட்பதும் முறையே. ஆனால் சென்ற மாதத்தில் நம் சங்கத்து அன்பர் மூவர் தனித்தனியே எம்மை யணுகி, "மகன் அங்கே வீடு வாங்கப் போகிறானாம், பணம் கேட்கிறான், அனுப்பலாமா?" என்று உசாவினர். எம் இளவல் பொருட்டு அவ்வழியிற் சென்று பட்டறிந்தோம் ஆகலின், மூவர்க்கு உரைத்ததைச் சபைக்கே உரைத்துவிடுக எனச் செயலாளர் பணித்தனர்.

எம் இளவல் கிளாஸ்டர்ஷயர் நாட்டிலுள்ள செல்ட்டன்ஹாம் நகரில் எஞ்சினியராக இருக்கின்றான். அவன் மனைவி மருத்துவமனையிற் செவிலி. இரவுப் பணியும் உண்டு. எட்டாண்டு வாடகைக்கு இருந்தபின், காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுகளிடையே ஓர் அமைதியான சிற்றூரில் சொந்த வீடு வேண்டுமென்று இளவல் விழைந்தான். எம் தந்தையார் வைத்துச் சென்ற ஒன்றரை ஏக்கர் புன்செய்யை இருவரும் ஒப்பி விற்று, அவன் பங்கை அனுப்பினோம். அந்நிலத்திற் கடலை விளைந்ததை எம் அன்னையார் இன்னும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஆகவே இது எமக்கு வெறும் கணக்குச் செய்தி யன்று.

கோடை விடுமுறையில் யாம் ஆங்குச் சென்று ஐந்து வாரம் தங்கினோம். அவ்வூர்களின் அழகை மறுத்தற்கில்லை. சுண்ணாம்புக்கல்லாலாகிய சுவர்கள் தேனின் நிறம் கொண்டிருக்கின்றன; கூரைக்கும் கல்லோடே. வயல்களைப் பிரிக்கும் சுவர்களில் சாந்து இல்லை. கல்லின்மேற் கல்லை அடுக்கியே நிறுத்தியிருக்கின்றனர். ஊர் நடுவே ஒரு கோயில், ஒரு பசும்புல் திடல், ஒரு மதுச்சாலை. சிப்பிங் காம்ப்டன் என்னும் ஊரின் பெருந்தெருவில், பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் கம்பளி வணிகர் ஒருவர் கட்டிய மனை இன்றும் நிற்கின்றது.

இவ்வழகு எங்ஙனம் அழியாது நின்றது? கம்பளி வாணிகத்தால் அவ்வூர்கள் செழித்தன. பின்னர் அவ்வாணிகம் நலிந்தது. பெருந்தொழிற் சாலைகளும் அவ்வழியே மிகுதியாக வரவில்லை. பழைய வீட்டை இடித்துப் புதியது கட்டப் பொருளின்மையால் பழையது எஞ்சிற்று. அங்ஙனம் வறுமை காத்ததைப் பின்னர்ச் சட்டம் காத்தது. 1947-ஆம் ஆண்டின் நகர் நாட்டுப்புறத் திட்டச் சட்டத்தின்பின், நிலமுடையார் தம் நிலத்திலும் அனுமதியின்றி வீடு கட்டுதல் இயலாதாயிற்று. 1966-இல் அக்குன்றுப் பகுதி இயற்கையெழில் மிக்க நிலப்பகுதியென அறிவிக்கப்பட்டது. புதுவீடுகள் அரியவாகவே பழைய வீடுகளின் விலை ஏறிற்று. அவ்வூரிலேயே பிறந்த கொல்லன் மகனும் குடியானவன் மகளும் அங்கு வீடு கொள்ள மாட்டாமல் வேறிடம் பெயர்கின்றனர். நகரத்துச் செல்வர் சிலர் விடுமுறைக்கு மட்டும் வந்து தங்கும் வீடுகளை வைத்திருக்கின்றனர். அத்தகைய இரண்டாம் வீடுகளுக்கு ஊராட்சி வரியை இருமடங்காக்கும் உரிமை 2025 ஏப்பிரல் முதல் உள்ளூர் மன்றங்களுக்கு அளிக்கப்பட்டுள்ளது. நம் பிள்ளைகள் நாடும் அமைதியில் இதுவும் ஒரு பகுதி என்பதை அறிந்தே நாடுதல் வேண்டும்.

அமைதி என்பதும் முற்றும் ஓசையின்மை யன்று. காக்கையினக் கூட்டம் மாலையிற் செய்யும் ஆரவாரத்தை யாம் கேட்டோம். கோயில் மணி உண்டு, உழுபொறி உண்டு, வயலுக்கு எருவிடும் நாளில் சன்னலை அடைக்கவேண்டும். பைபரி என்னும் சிற்றூரின் நெசவாளர் வீட்டு வரிசையைக் காணக் கூட்டங்கூட்டமாக மக்கள் வருகின்றனர்; அழகு மிக்க ஊரில் அமைதி குறையும்.

இனி முதன்மையான செய்திக்கு வருவோம். நம் நாட்டில் விலை பேசி அச்சாரம் கொடுத்து, உடன்படிக்கை எழுதிக் கையெழுத்திட்டால், இருவரும் கட்டுண்டோம் என்று கொள்கின்றோம். ஆங்கிலநாட்டில் விலையை ஒப்பியதும் யாதொரு கட்டும் இல்லை. 1989-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிலத்தை விற்கும் ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து இருவராலும் கையெழுத்திடப் படல் வேண்டும். வழக்கறிஞர் இருவரும் அவ்வொப்பந்தப் படிகளை ஒருவர்க்கொருவர் மாற்றிக்கொள்ளும் நாளிலேயே கட்டுப்பாடு பிறக்கின்றது. அன்றுதான் வாங்குவோர் விலையில் நூற்றுக்குப் பத்து வீதம் முன்பணம் கட்டுவது வழக்கம். அதற்குமுன் விற்போர் வேறொருவர்க்கு விற்கலாம், வாங்குவோரும் விலகலாம். ஸ்காத்லாந்தின் முறை வேறு. அதனை இங்கு விரிக்கவில்லை.

இளவல் முதலிற் கண்ட வீட்டிற்கு நவம்பரில் விலை ஒப்பினர். கட்டடப் பரிசோதகருக்கும் வழக்கறிஞருக்கும் வில்லங்கத் தேடலுக்கும் செலவு செய்தான். மார்ச்சு மாதத்தில் மற்றொருவர் கூடுதலாகக் கொடுக்க முன்வர, விற்போர் அவரிடம் சென்றனர். அவன் செலவிட்ட 2,000 பவுனுக்கு மேற்பட்ட தொகையில் ஒரு காசும் மீளவில்லை. தொலைபேசியிற் கேட்டபோது யாம், "சொல் தவறியோர்" என்று கடிந்து பேசினோம்.

யாம் ஆங்கிருந்தபோது இரண்டாவது வீடு வாய்த்தது. கணவனை இழந்த மூதாட்டி ஒருவருடையது. முன்றிலில் ரோசாச் செடிகள், பின்புறம் சிற்றோடை. எம்மை அமர்த்தித் தேநீர் தந்து, நாற்பதாண்டாக அங்கு வாழ்ந்ததாகக் கூறினர். நூறு பவுனும் குறைத்துக் கேட்க மனம் வரவில்லை. பின்னர்ப் பரிசோதகர் அறிக்கை வந்தது. வழக்கறிஞர் கடிதமும் வந்தது.

அவற்றிற் கண்டவை: அவ்வீடு காக்கப்படும் கட்டடங்களின் பட்டியலிற் சேர்ந்தது. அத்தகைய வீட்டில் இசைவின்றிச் சன்னலை மாற்றுதலும் குற்றமாகும். அங்கோ பின்புறச் சன்னல் நான்கும் முன்னரே இசைவின்றிப் பிளாஸ்டிக்காக மாற்றப்பட்டிருந்தன. முன்னவர் செய்த பிழையைத் திருத்துமாறு இப்போதைய உடையவரையே மன்றம் ஆணையிடலாம்; அதற்குக் கால வரம்பும் இல்லை. பொதுச் சாக்கடை இணைப்பு இல்லை. கழிவு தொட்டியிற் சேர்ந்து நேரே ஓடையில் விழுந்தது. அவ்வாறு விடுதல் 2020 சனவரி முதல் ஆகாது. குழாய்வழி எரிவாயுவும் இல்லை, எண்ணெய்த் தொட்டியே. தோட்டத்தின் ஓரமாகப் பொதுநடைபாதை ஒன்று செல்கின்றது. அதனை அடைக்க உடையவர்க்கு உரிமை கிடையாது. நடைபாதையைக் குறித்து எமக்கு வருத்தமில்லை. வழிப்போக்கர் தலையசைத்துச் செல்வது நல்ல துணையே. மற்றவை பெருஞ்செலவு.

அன்றிரவு தம்பி மனைவி அதுகாறும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அவ்வூருக்கு வாரத்தில் மூன்று நாளே பேருந்து. 1963-இல் வெளிவந்த பீச்சிங் அறிக்கையின்பின் சிறிய இருப்புப்பாதை நிலையங்கள் பல மூடப்பட்டன. இன்று அத்தகைய ஊர்களில் வண்டியின்றி வாழ்தல் அரிது. "நீங்கள் மே மாதத்தில் இரவு ஒன்பது மணி வெளிச்சத்தைப் பார்க்கிறீர்கள், அத்தான். டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும். அந்த இருட்டில் குழந்தையோடு நான்தான் இருக்கவேண்டும்" என்றாள். இளவல் வாய் திறக்கவில்லை. யாமும் புன்செய் விற்ற பணத்தையே எண்ணியிருந்தோமே யன்றி, அவ்வீட்டில் நாள்தோறும் இருக்கப் போகிறவளை எண்ணவில்லை.

இளவல் விலகினான். சட்டம் அதற்கு இடங்கொடுத்தது. ஆயினும் அம்மூதாட்டி அவ்விற்பனையை நம்பித் தம் மகள் ஊரில் ஒரு சிறுவீட்டுக்கு விலை ஒப்பியிருந்தார். அதுவும் தடைப்பட்டது என்று தரகர் உரைத்தனர். முன்னை விற்போரைக் கடிந்த வாயால் இப்போது யாது சொல்வது? யாம் அவருக்கு ஒரு கடிதம் எழுதினோம். விடை வரவில்லை.

மூன்றாவதாக, சிறுசந்தை நகரொன்றின் ஓரத்தில், பேருந்து நிற்குமிடத்துக்கு ஐந்து நிமிட நடையில், 4,00,000 பவுனுக்கு வீடு அமைந்தது. வேறு வீடு இல்லாமையாலும் அங்கேயே வாழ்வோராதலாலும் முத்திரை வரி 10,000 பவுனோடு நின்றது. வேறொரு வீடு உடையோர்க்கு நூற்றுக்கு ஐந்தும், வெளிநாட்டில் வாழ்வோர்க்கு நூற்றுக்கு இரண்டும் மேல்வரி உண்டு. உங்கள் பெயரையும் பத்திரத்திற் சேர்க்கவேண்டும் என்று மகனை நெருக்குவோர் இதனை முன்னரே வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வீராக.

இன்னும் இரண்டு சொல்லவேண்டும். கோயிலை யடுத்த பழைய நிலங்களிற் சிலவற்றிற்கு அக்கோயிற் கருவறையைப் பழுதுபார்க்கும் கடமை ஒட்டியிருந்தது. வாரிக்ஷயரில் ஆஸ்டன் காண்ட்லோ என்னும் ஊரில் ஒரு குடும்பத்தார் அக்கடமைக்கு உட்பட்டவரே என்று 2003-இல் பிரபுக்கள் சபை தீர்த்தது. 2013 அக்டோபருக்குப்பின், நிலப் பதிவேட்டிற் குறிக்கப்படாதிருப்பின் புதிதாக விலைக்கு வாங்குவோரை அக்கடமை பற்றாது. அப்பதிவேட்டை 1990 டிசம்பர் முதல் எவரும் சிறுகட்டணம் கட்டிப் பார்க்கலாம்.

மற்றொன்று பணம் அனுப்புவோர்க்கு. அங்குள்ள வழக்கறிஞரும் கடன் தரும் வங்கியும் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பர். அது கடனா கொடையா என்றும் எழுத்தில் கேட்பர். யாம் புன்செய்க் கிரயப் பத்திரத்தின் நகலையும், திரும்பக் கேளாத கொடை என்னும் கடிதத்தையும் அனுப்பிய பின்னரே வேலை நடந்தது. கைப்பணமாக வாங்கிய பகுதிக்கு ஆதாரம் காட்ட இயலாது. நிலம் விற்போர் முழுத்தொகையையும் வங்கி வழியாகவே பெறுவீராக.

அக்கடிதத்தின் படியையும், தம்பி தன் வழக்கறிஞரிடம் கேட்ட வினாக்களின் தமிழாக்கத்தையும் செயலாளரிடம் ஒப்படைத்துள்ளோம். வேண்டுவோர் ஞாயிறு காலையில் அலுவலகத்துக்கு வந்து படியெடுத்துக்கொள்ளலாம்.