நல்ல மண்வெட்டி எது?



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை, என் வகுப்பு மாணவன் ஒருவன் காலில் பெரிய கட்டுடன் பள்ளிக்கு வந்தான். "என்னடா ஆயிற்று?" என்று கேட்டேன். "பெருச்சாளி வளை தோண்டினேன் சார். மண்வெட்டி கழன்று காலில் விழுந்துவிட்டது" என்றான்.

வீட்டுக்குப் பின்னால் தாயார் நட்டிருந்த மரவள்ளிக் கிழங்கைப் பெருச்சாளி இரவோடு இரவாகத் தின்று தீர்த்திருக்கிறது. கோபம் தாங்காத பையன் தகப்பனாரின் பெரிய மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வளையை வெட்டத் தொடங்கியிருக்கிறான். காம்பு ஆடிக்கொண்டிருந்ததை அவன் கவனிக்கவில்லை. மூன்றாம் வீச்சில் தகடு பறந்தது. காயம் ஆறிவிட்டது, தழும்பு மட்டும் நிற்கிறது. அன்று முதல் என் மனத்தில் ஒரு கேள்வி. எழுதுகோல் வாங்கினால் நாலு முறை கிறுக்கிப் பார்த்து வாங்குகிறோம். வாழ்நாள் முழுவதும் கையில் பிடிக்கும் மண்வெட்டியை மட்டும் கடையில் முதலில் கிடைத்ததை எடுத்து வந்துவிடுகிறோமே, அது ஏன்?

மலாய்க்காரர்கள் 'சங்குல்' என்றும், நாம் பேச்சில் 'மம்பட்டி' என்றும் சொல்லும் இந்தக் கருவிக்கும் மலாக்காவுக்கும் பழைய உறவு உண்டு. 1896-ஆம் ஆண்டில் தான் சாய் யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர்த் தோட்டம் அமைத்தார். அதன்பின் எத்தனையோ தோட்டங்களில் கன்றுக்குக் குழி எடுத்ததும், வடிகால் வெட்டியதும் மண்வெட்டிதான். 'மண்வெட்டி' என்ற நம் சொல்லே உருமாறி, ஆங்கிலேய வணிகர்களின் விலைப்பட்டியல்களிலும் இடம்பெற்றது. இன்று குருபோங்கிலும் செங்கிலும் வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்சாலைகளும் பெருகிவிட்டன. ஆனாலும் வீட்டுக்குப் பின்னால் நாலு வாழையும் இரண்டு முருங்கையும் வைத்திருப்பவர்களுக்கு மண்வெட்டி இல்லாமல் முடியாது.

இனி, வாங்கும்போது கவனிக்கவேண்டியவற்றைப் பார்ப்போம்.

முதலாவது, மண். மலாக்காவின் பல மேட்டு நிலங்களில் செம்பூராங்கல் சரளை கலந்திருக்கிறது. மண்ணியல் அறிஞர்கள் இப்படிப்பட்ட மண் வகை ஒன்றுக்கு 'மலாக்கா' என்றே பெயரிட்டிருக்கிறார்கள். அந்தச் சரளையில் அகலமான மெல்லிய தகட்டை ஓங்கிப் போட்டால் வாய் மடங்கும், கை அதிரும். அதற்குக் குறுகலான, கனமான தகடு வேண்டும். மிகவும் இறுகிய இடமானால் முதலில் கடப்பாரையால் நெகிழ்த்திவிட்டுப் பிறகு மண்வெட்டியால் அள்ளவேண்டும். ஆற்றோரத்துப் பொதுபொதுப்பான மண்ணுக்கும், மேட்டுப்பாத்தி கட்டுவதற்கும் அகலத் தகடு நல்லது. ஆகவே கடைக்குப் போகுமுன், "என் வீட்டு மண் எது?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, தகடு. காம்பு நுழையும் வளையத்தைக் 'கண்' என்போம். கண்ணும் தகடும் சேருமிடந்தான் எல்லா அதிர்ச்சியையும் தாங்குகிறது. அந்த இடம் தடிப்பாக, ஒரே இரும்பாக அடித்துச் செய்யப்பட்டிருந்தால் நல்லது. ஒட்டுப் போட்டதாக இருந்தால், ஒட்டு சுற்றிலும் முழுமையாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு தகட்டைத் தொங்கவிட்டு ஒரு சிறு கல்லால் தட்டுங்கள். கணீரென்று ஒலித்தால் நல்ல அறிகுறி. ஓட்டைப் பானைபோல் ஒலித்தால் எங்கோ விரிசல் இருக்கலாம். வைத்துவிட்டு வேறொன்றை எடுங்கள்.

மூன்றாவது, காம்பு. நம்மில் பெரும்பாலோர் இதைத்தான் கவனிப்பதில்லை. முதுகைக் காப்பதோ இதுதான். மரத்தின் நரம்புகள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நேராக ஓடவேண்டும். நடுவில் கணு இருந்தால் அந்த இடத்தில்தான் முறியும். உங்கள் உயரத்துக்கு ஏற்ற நீளம் வேண்டும். கடையிலேயே வேலை செய்கிற பாவனையில் நின்று பாருங்கள். முழங்காலைச் சற்று மடக்கி நிற்கும்போது தகட்டின் வாய் மண்ணில் சரிவாக இறங்கவேண்டும். இடுப்பை ஒடித்துக் குனிந்தால்தான் வாய் மண்ணைத் தொடும் என்றால், அந்தக் காம்பு உங்களுக்குக் குட்டை.

இது சின்ன விஷயம் என்று எண்ணவேண்டாம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் காய்கறித் தோட்டத் தொழிலாளர்களுக்கு நெடுங்காலம் குட்டைக் காம்புக் களைக்கொட்டுதான் கொடுக்கப்பட்டது. நாள் முழுவதும் குனிந்தே நின்றதால் பலருக்கு முதுகு நிரந்தரமாகக் கெட்டது. அந்த வேலை செய்து முதுகுவலியை அனுபவித்தவர்களில், பின்னாளில் தொழிற்சங்கத் தலைவராகப் புகழ்பெற்ற சீசர் சாவேஸும் ஒருவர். தொழிலாளர்கள் வழக்காடினார்கள். 1975-ஆம் ஆண்டில் அந்தக் கருவி அங்கே தடைசெய்யப்பட்டது. மரக்காம்பில் இரண்டடி கூடுமா குறையுமா என்பதற்காக ஒரு மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம்வரை போகவேண்டியிருந்தது. கருவிக்கு ஏற்றபடி உடம்பை வளைக்கக் கூடாது. உடம்புக்கு ஏற்றபடி கருவியைத் தேடவேண்டும்.

இப்போது அந்தப் பையனின் பெருச்சாளிக்கு வருவோம். வளை தோண்டுவது வேறு, பாத்தி வெட்டுவது வேறு. இங்கிலாந்தில் முயல் பிடிப்பவர்கள் 'ஃபெரெட்' என்ற, நம் கீரியைப் போன்ற வளர்ப்புப் பிராணியை முயல் வளைக்குள் விடுவார்கள். முயல் பயந்து வெளியே ஓடிவந்து வலையில் விழும். சில சமயம் ஃபெரெட் உள்ளேயே தங்கிவிடும். அதைத் தோண்டி எடுக்க அவர்கள் வைத்திருக்கும் மண்வாரியின் தகடு குறுகியது, காம்பு நீண்டது. பெரிய தகடு வளையை இடித்து மூடிவிடும். உள்ளே இருக்கும் பிராணியையும் வெட்டிவிடும். தமிழ்நாட்டில் வயல் எலி பிடிப்பதில் கைதேர்ந்த இருளர்களும் பெரிய மண்வெட்டியை நம்புவதில்லை. கடப்பாரையால் அளவோடு குத்தி வளையின் போக்கைத் தொடர்ந்து போவார்கள். எலி சேர்த்துவைத்த நெல்லையும் சிந்தாமல் எடுத்துவிடுவார்கள். இரண்டு நாட்டாரும் கண்டது ஒன்றுதான்: வளைக்குக் குறுகிய முனை, நிதானமான கை.

நீங்களும் அவ்வாறே செய்யலாம். முதலில் மற்ற வாசல்களை மண்ணால் அடைத்துவிடுங்கள். ஒரு நீண்ட குச்சியை விட்டு வளை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பாருங்கள். குச்சி நின்ற இடத்துக்கு மேலே சிறு குழியாக இறக்குங்கள். வீட்டுச் சுவரின் அடியிலோ, வடிகால் கரையிலோ தோண்டவேண்டாம். எலி போகும், சுவரும் போகும். எந்த வளைக்குள்ளும் கையை விடாதீர்கள். எலி வெட்டிய வளையில் நாகம் குடியிருப்பது உண்டு.

இன்னொன்றையும் தாய்மார்கள் நினைவில் வைக்கவேண்டும். எலியின் சிறுநீர் கலந்த ஈரமண்ணிலிருந்து எலிக்காய்ச்சல் பரவும். நம் நாட்டில் 2010-ஆம் ஆண்டு முதல் இது சுகாதாரத் துறைக்கு அறிவிக்கவேண்டிய நோயாக இருக்கிறது. காலணியும் கையுறையும் அணிந்து தோண்டுங்கள். முடித்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிறகு சில நாட்களிலோ, இரண்டு மூன்று வாரங்களிலோ காய்ச்சலும் உடல்வலியும் கண்டால் கிளினிக்குக்குப் போய், "எலி வளை தோண்டினேன்" என்று மறக்காமல் சொல்லுங்கள்.

கடைசியாக, பராமரிப்பு. காம்பு ஆடினால் சிலர் மண்வெட்டியைத் தண்ணீரில் ஊறவைப்பார்கள். மரம் உப்பி இறுகும். காய்ந்ததும் மறுபடி ஆடும். அது ஒரு நாள் வைத்தியம். காய்ந்த கெட்டி மரத்தில் ஆப்புச் சீவி அடித்து இறுக்குவதே சரி. வாய் மழுங்கினால், பழைய சரிவு எந்தப் பக்கம் இருக்கிறதோ அதே பக்கம் அரத்தால் தேய்க்கவேண்டும். வேலை முடிந்ததும் மண்ணைக் கழுவித் துடைத்து, இரும்பில் கொஞ்சம் எண்ணெய் தடவி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பிள்ளைகள் தோட்டம் போட ஆசைப்பட்டால் அவர்கள் கைக்கு அடங்கும் சின்னக் கருவியை வாங்கிக் கொடுங்கள். மண்வெட்டி வீசுகிறவருக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கக் கூடாது.

எங்கள் பள்ளித் தோட்டத்தில் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். வேலை தொடங்குமுன் ஒவ்வொரு மாணவரும் தம் மண்வெட்டியின் காம்பைப் பிடித்து, தகட்டைத் தரையில் ஊன்றி அசைத்துப் பார்க்கவேண்டும். ஆடினால் ஓரமாக வைத்துவிடவேண்டும். அதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. இந்தப் பழக்கத்தைத் தொடங்கி வைத்தவன் காலில் தழும்புள்ள அந்த மாணவன்தான்.

இன்று மாலை உங்கள் வீட்டு மண்வெட்டியையும் ஒருமுறை எடுத்து அசைத்துப் பாருங்கள்.