ஓடும் நீருக்குச் சமய வேறுபாடு இல்லை

(அன்னதான உபயக்காரர்கள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

 

திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து, இரண்டாம் அதிகாரமாக வான்சிறப்பை வைத்தார். மழை பொய்த்தால் தேவர்களுக்கும் பூசை நடவாது என்கிறார். தங்காக்கில் வாழும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. நிமிர்ந்து பார்த்தால் 1,276 மீட்டர் உயர்ந்து நிற்கிறது குனோங் லேடாங். அம்மலையில் பெய்யும் மழை ஓடைகளாக இறங்கி வருகிறது. இது பள்ளிவாசல், இது சீனக் கோயில், இது தேவாலயம், இது இந்து ஆலயம் என்று பார்த்தா அந்நீர் ஓடுகிறது?

சில ஆண்டுகளுக்கு முன் நமது திருவிழாவுக்கு மறுநாள் அடைமழை. ஆலயத்தின் பின்புறக் கால்வாய் நிரம்பி, தாழ்வான சந்திலுள்ள வீடுகளுக்குள் நீர் புகுந்தது. நான் சென்றபோது, அருகிலுள்ள சூராவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் முழங்கால் அளவு நீரில் நின்று, மண்வெட்டியால் அடைப்பை இழுத்துக்கொண்டிருந்தார். அவர் இழுத்துப் போட்டவை என்ன? நாம் அன்னதானம் வழங்கிய பாலிஸ்டிரின் பெட்டிகள். மோர் ஊற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் குவளைகள். வெட்கத்தால் தலை குனிந்தேன். அவரோ ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை. "சிக்கு, இனி லொங்காங் கித்தா" என்றார். இது நம்முடைய கால்வாய் என்று பொருள்.

தமிழாசிரியராக இருந்தவன் நான். "நாங்கள்" என்றால் கேட்பவர் வெளியே நிற்பார். "நாம்" என்றால் அவரும் உள்ளே வந்துவிடுவார் என்று பிள்ளைகளுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். மலாய் மொழியிலும் காமி, கித்தா என்று அதே வேறுபாடு உண்டு. தவறு நம்முடையதாக இருந்தும் அப்பெரியவர் "கித்தா" என்றார். அன்று எனக்கு அவர் ஆசிரியரானார்.

நாம் பெட்டியில் உணவு கொடுத்ததும் நல்லெண்ணத்தில்தான். பிற சமய நண்பர்கள் நம் பாத்திரத்தில் உண்ணத் தயங்குவார்களோ என்று நினைத்தோம். பிறகு அவர்களையே கேட்டோம். "வாழையிலையில் போடுங்கள், மகிழ்ச்சியாகச் சாப்பிடுகிறோம்" என்றார்கள். முன்பே கேட்டிருந்தால் அந்தக் கால்வாய் அடைபட்டிருக்காது.

அதன்பின் சூராவ் குழுவினரும், சீனக் கோயில் நண்பர்களும், தேவாலயத்தினரும், நாமும் ஒன்றாக அமர்ந்தோம். சமயத் தத்துவம் எதுவும் பேசவில்லை. எந்த நாளில் துப்புரவு செய்வது என்பதைத்தான் பேசினோம். வெள்ளி அவர்களுக்குத் தொழுகை. ஞாயிறு இவர்களுக்கு வழிபாடு. ஆகவே மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை என்று முடிவாயிற்று. மறுபயனீட்டுப் பொருள்களைத் தரம் பிரிக்கும் பழக்கம் சீன நண்பர்களிடம் ஏற்கனவே இருந்தது. அதை நமக்குக் கற்றுத் தந்தார்கள்.

இது புதிய வழி அன்று. 1986-ஆம் ஆண்டு இத்தாலியின் அசிசி நகரில் பௌத்தம், கிறிஸ்தவம், இந்து சமயம், இஸ்லாம், யூதம் ஆகிய ஐந்து சமயங்களின் பிரதிநிதிகள் கூடி, இயற்கையைக் காப்பது தத்தம் சமயக் கடமை என்று அறிக்கை வெளியிட்டார்கள். நம் நாட்டிலேயே பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை நெடுங்காலம் வழிநடத்திய எஸ்.எம். முகமது இட்ரிஸ் அவர்களை மறக்கலாமா? அவர் தமிழ் முஸ்லிம். அவர் தலைமையில் 1977-இல் தோன்றிய சஹாபாட் அலாம் மலேசியா, சரவாக் காடுகளுக்காகவும் அங்கு வாழும் மக்களுக்காகவும் போராடி, 1988-இல் "மாற்று நோபல்" எனப் போற்றப்படும் பரிசைப் பெற்றது. தைப்பூசத்தில் தேங்காய்களை அளவின்றி உடைத்து வீணாக்க வேண்டாம் என்றும் பயனீட்டாளர் சங்கம் நம்மைக் கேட்டுக்கொண்டது. நம் நலம் நாடிச் சொன்ன சொல் அது. 2019-இல் மறைந்த அப்பெருமகனாரின் சங்கத்தில் பல சமயத்தவரும் தோளோடு தோள் நின்று உழைத்தார்கள்.

அன்பர்களே, நாம் முழு வெற்றி பெற்றுவிட்டோம் என்று சொல்லமாட்டேன். சாதாரண நாள்களில் வாழையிலையும் எவர்சில்வர் குவளையும் வந்துவிட்டன. பெருங்கூட்டம் வரும் திருவிழா நாளில் கழுவ ஆளில்லை என்று மீண்டும் பிளாஸ்டிக்கைத் தேடுகிறோம். ஆகவே உங்களிடம் இரண்டு வேண்டுகோள். அன்னதான உபயம் எடுப்போர், அரிசி பருப்போடு இலைக்கும் குவளைக்கும் சேர்த்து உபயம் செய்யுங்கள். பணம் இயலாதவர்கள், பிள்ளைகளை ஒரு மணி நேரம் குவளை கழுவ அனுப்புங்கள். அடியார் உண்ட பாத்திரத்தைக் கழுவுவதும் திருத்தொண்டே.

நாம் இடும் அன்னம் ஒருவர் பசியைத் தீர்க்க வேண்டும். இன்னொருவர் வீட்டுக்குள் வெள்ளமாகப் புகக்கூடாது. அப்போதுதான் அன்னதானம் முழுமை பெறும். எல்லாம் வல்ல இறைவன் துணை நிற்பானாக.