விரல் நுனிக்கு ஒரு தொலைபேசி



1913 ஏப்ரல். அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் பாத் என்றொரு சிறு நகரம். சொற்பொழிவுக்காகப் போயிருந்த, பார்வையும் செவியும் இழந்த ஹெலன் கெலரும் அவருடைய ஆசிரியை ஆன் சலிவனும் அங்கே ஹோட்டலில் தங்கியிருந்தார்கள். ஆசிரியை திடீரென்று கடும் சுகவீனத்தில் விழுந்துவிட்டார். ஹெலனுக்கு அப்போது வயது 32. பட்டதாரி, நூலாசிரியர், உலகமே அறிந்தவர். ஆனால் தொலைபேசியில் ஒருவரைக் கூப்பிட அவரால் முடியாது. தனியாகப் படியிறங்கிப் போய் உதவி கேட்கவும் வழியில்லை.

பெரும் பணக்காரர் ஆன்ட்ரூ கார்னகி தருவதாகச் சொன்ன வருடாந்த உதவித்தொகையை ஹெலன் அதற்கு முன் பணிவாக மறுத்திருந்தார். உழைத்துச் சாப்பிட வேண்டும் என்ற பிடிவாதம். பாத் நகரத்துக்குப் பிறகு கார்னகிக்குக் கடிதம் எழுதி, அதை ஏற்றுக்கொண்டார்.

அவருடைய படிப்புச் செலவும் ஒருவர் கேட்டு, இன்னொருவர் கொடுத்ததுதான். 1896இல் எழுத்தாளர் மார்க் ட்வெயின், எண்ணெய்க் கம்பனி முதலாளி ஹென்றி ரோஜர்ஸின் மனைவிக்கு ஒரு கடிதம் எழுதினார், உங்கள் கணவரிடம் இந்தப் பெண்ணைப் பற்றிப் பேசுங்கள் என்று. ரோஜர்ஸ் உதவினார். 1904இல் ஹெலன் ராட்கிளிஃப் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1924 முதல் அவரே விழிப்புலனற்றோருக்காக ஊர் ஊராகப் போய் நிதி திரட்டினார். வாங்கிய கை கேட்கும் கையாக மாறியது என்று சொல்லலாமா, நேயர்களே?

ஹெலனின் அந்தத் தவிப்பு இன்றும் முழுதாகத் தீரவில்லை. இந்த உரையையே எடுத்துக்கொள்ளுங்கள். கொழும்பு வெள்ளவத்தையில் மாடிவீட்டுக் குசினியில் வேலை செய்தபடி இதைக் கேட்கிறீர்கள். பார்வையும் செவியும் இல்லாத ஒருவருக்கு வானொலியும் இல்லை, தொலைக்காட்சியும் இல்லை. யாராவது இதைத் தட்டெழுதிக் கொடுத்தால், பிறெயில் டிஸ்பிளே என்ற கருவியில் விரலால் வாசிக்கலாம்.

அந்தக் கருவியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். தடித்த புத்தகம் அளவில் ஒரு பெட்டி. முன்பக்கத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள் ஒரே வரிசையில். ஒவ்வொரு கட்டத்திலும் ஆறு அல்லது எட்டு ஊசிமுனைகள். மின்சாரம் பட்டால் வளைகிற ஒருவகைப் பளிங்குப் பட்டை அந்த முனைகளைத் தூக்கும், இறக்கும். கைத்தொலைபேசிக்கு வந்த செய்தி விரலடியில் புள்ளிகளாக எழும்பும். வாசித்து முடிந்ததும் ஒரு பொத்தான். பழைய புள்ளிகள் அமிழ்ந்து அடுத்த சொற்கள் கிளம்பும். தமிழும் இதே ஆறு புள்ளிகளில்தான். ‘கொட்டாஞ்சேனை’ என்று எழுத 12 கட்டங்கள் வேண்டும். 20 கட்டக் கருவியில் அந்த ஒரு பெயரே பாதிக்கு மேல் பிடித்துவிடும்!

ஹார்வர்ட் சட்டக் கல்லூரியில் 2013இல் பட்டம் பெற்ற ஹேபன் கிர்மா, பார்வையும் செவியும் பாதிக்கப்பட்டவர்களில் அங்கே பட்டம் பெற்ற முதலாமவர். எதிரில் இருப்பவர் கீபோர்டில் தட்டுவார். ஹேபன் இந்தக் கருவியில் விரலால் வாசித்து வாயால் பதில் சொல்வார். 2015இல் வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி ஒபாமாவும் அப்படித்தான் தட்டித் தட்டிப் பேசினார்.

விலைதான் வில்லங்கம். 40 கட்டக் கருவி இரண்டு மூவாயிரம் டொலர் கேட்கும். வாங்குபவர்கள் சொற்பம், உள்ளே இருக்கும் பளிங்குப் பட்டை விலை கூடியது. 2022 மார்ச் தொடக்கத்தில் இலங்கையில் டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதத்தில் 360ஐத் தொட்டது. மூவாயிரம் டொலர்க் கருவிக்கு ஆறு இலட்சம் சேர்த்து முடித்த ஒரு குடும்பம், இரண்டே மாதத்தில் பத்து இலட்சத்துக்கு மேல் தேடவேண்டிய நிலை. விலையைக் குறைக்கும் முயற்சிகளும் நடக்கின்றன. டெல்லி ஐஐடி 2019இல் வெளியிட்ட டொட்புக் என்ற கருவி, சென்னை பீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸும் சேர்ந்து உருவாக்கியது. பல நாட்டுத் தொண்டு அமைப்புகள் ஒன்றுகூடி வரவழைத்த ஓர்பிட் ரீடர் 20, சில நூறு டொலருக்கு வந்தது.

அமெரிக்காவில் தொலைத்தொடர்புக் கம்பனிகள் செலுத்தும் நிதியிலிருந்து, வருடத்துக்கு ஒரு கோடி டொலர் வரை இத்தகைய கருவிகளுக்கும் பயிற்சிக்கும் ஒதுக்குகிறார்கள். 2012இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கியது, பின்னர் நிரந்தரமாயிற்று. குடும்பம் உண்டியல் ஏந்தத் தேவையில்லை. இங்கேயும் போன் ரீலோட் பண்ணாத வீடு ஏது? அந்தப் பணத்திலிருந்தும் இப்படி ஒரு நிதி சேர்க்கலாமே.

இலங்கையில் மேரி சாப்மன் என்ற பெண்மணி 1912இல் தொடங்கிய செவிப்புலன், விழிப்புலன் அற்றோர் பாடசாலை பின்னாளில் இரத்மலானையில் வேரூன்றியது. வடக்கில் கைதடி நஃபீல்ட் பாடசாலை. ஒரு புலன் இழந்தோருக்கு வழி திறந்த இடங்கள் இவை. இரண்டும் இழந்தவர் பெரும்பாலும் இடையில் நின்றுவிடுகிறார். கர்ப்பிணிக்கு வந்தால் குழந்தையின் கண்ணையும் காதையும் பாதிக்கக்கூடிய ருபெல்லாவுக்கு இங்கே 1996இல் தடுப்பூசி வந்ததும், 2020இல் நோய் ஒழிந்ததாக உலக சுகாதார அமைப்பு அறிவித்ததும் பெரிய வெற்றிதான். ஆனால் அஷர் என்ற பரம்பரைக் குறைபாட்டில் முதலில் செவி, பிறகு இளவயதில் பார்வை மங்கும். அப்படியானவர் கொஞ்சமாவது பார்வை இருக்கும்போதே பிறெயில் பழகத் தொடங்குவது நல்லது. அதனால் அப்படி ஒரு கருவி நிதிக்கு இங்கே அவசரமும் உண்டு.

சத்திரசிகிச்சைக்கு உதவி கோரும் அறிவித்தலைப் பத்திரிகையில் கண்டால் நம்மவர் யோசிக்காமல் கொடுப்பார்கள். கருவிக்கு என்றால் கை தயங்கும், “இதனால் கண் தெரியுமா?” என்பார்கள். தெரியாது. ஆனால் தாயிடம் “தலையிடிக்கிறது” என்று தட்டெழுதிச் சொல்லலாம். அறிவித்தல் எழுதுபவர்கள் இதைத்தான் முதல் வரியில் போடவேண்டும். பயிற்சிச் செலவையும் திருத்தச் செலவையும் அதே கணக்கில் காட்டவேண்டும். இல்லாவிட்டால் கருவி அலுமாரிக்குள் போய்விடும். முக்கியமாக, எந்தக் கருவி வேண்டும் என்பதை அதைப் பாவிக்கப் போகிறவர் தொட்டுப் பார்த்துச் சொல்லட்டும்.

நேரம் முடிகிறது, நேயர்களே. வெள்ளவத்தையில் இருப்பவர்கள் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்திலும், கொட்டாஞ்சேனையில் இருப்பவர்கள் கொழும்பு பிரதேச செயலகத்திலும் சமூக சேவை உத்தியோகத்தரைப் பார்த்துப் பெயரைப் பதியுங்கள். பக்கத்து வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், இந்த உரையில் நாலு வரியையாவது அவருடைய உள்ளங்கையில் எழுதிக் காட்டுவீர்கள் என்ற நம்பிக்கையோடு விடைபெறுவோம்.