செபத்தில் செவி சாய்ப்போம்

(பங்கின் பொன்விழா ஆயத்தத் தியானத்தில் பொதுநிலையினர் ஒருவர் ஆற்றிய உரை)



நம் வீடுகளில் மாலையில் கோயில் மணி அடித்ததும் மூவேளைச் செபம் சொல்லுகிறோம். இரவில் செபமாலையும் மன்றாட்டுகளும் குறைவின்றி நடக்கின்றன. கடைசி ஆமென் சொன்னவுடன் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிடுகிறோம். விண்ணப்பம் கொடுத்தோம், பதிலைக் கேட்க நின்றோமா?

சிறுவன் சாமுவேலை ஆண்டவர் இரவில் பெயர் சொல்லி அழைத்தார். மூன்று முறையும் அவன் ஏலியிடமே ஓடினான். ஆலயத்திலேயே படுத்துறங்கிய பிள்ளைக்கும் அந்தக் குரல் பழக்கமில்லை. அழைப்பவர் யார் என்று உணர்ந்து, மறுமொழி சொல்லக் கற்றுக்கொடுத்தவர் முதியவரான ஏலி. ஆகவே, கேட்பதும் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்றே.

ஆனால் அது ஆண்டவர் குரலா, நம் மனத்தின் ஆசையா என்று எப்படி அறிவது? புனித இஞ்ஞாசியார் 1521-ஆம் ஆண்டு பம்பலோனா போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் ஒடிந்து, லொயோலாவில் படுக்கையில் கிடந்தார். பொழுது போக்க வீரக் கதைகள் கேட்டார். கிடைத்தவையோ கிறிஸ்துவின் வரலாறும் புனிதர் வரலாறுகளுமே. உலகப் புகழை நினைத்தபோது இன்பமாயிருந்தது. பின்னர் மனம் வறண்டது. புனிதர்களைப் போல் வாழ நினைத்தபோதோ, அந்த நினைவு போன பின்னும் மகிழ்ச்சி நிலைத்தது. எது நிலைக்கிறது என்று கவனித்ததே அவர் கற்ற முதற் பாடம்.

என் அனுபவம் ஒன்று சொல்ல அனுமதியுங்கள். பாகப் பிரிவினையால் எனக்கும் தம்பிக்கும் ஆறு ஆண்டுகள் பேச்சில்லை. வழக்கில் வெற்றி தாரும் என்று தினமும் மன்றாடினேன். ஒரு ஞாயிறு நற்கருணை வாங்கி முழந்தாளிட்டிருந்தேன். அன்று பாட்டு இல்லை, கோயில் அமைதியாயிருந்தது. தம்பியின் முகம் மனத்தில் வந்தது. பராக்கு என்று தள்ளினேன். மறு ஞாயிறும் வந்தது. அடுத்த ஞாயிறும் வந்தது.

பங்குத் தந்தையிடம் சொன்னேன். "வழக்கை நினைத்த பிறகு உங்கள் மனம் எப்படி இருக்கிறது? தம்பியை நினைத்த பிறகு எப்படி இருக்கிறது?" என்று மட்டும் கேட்டார். எனக்கு விளங்கிவிட்டது.

தம்பி வீட்டுக்குப் போனேன். அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவன் மனைவி காப்பி கொடுத்தாள், குடித்துவிட்டுத் திரும்பினேன். வழக்கும் அன்றே தீர்ந்துவிடவில்லை. ஆனால் அன்றிரவு நிம்மதியாக உறங்கினேன்.

அன்பர்களே, நற்கருணை உட்கொண்டபின் சிறிது நேரம் மௌனமாக இருங்கள். இரவுச் செபம் முடிந்ததும் நற்செய்தியில் சில வரிகளை நிதானமாக வாசித்துக் காத்திருங்கள். ஒன்றும் கேளாத நாட்களும் உண்டு, சோர்ந்துவிடாதீர்கள். மீண்டும் மீண்டும் வரும் எண்ணத்தை நற்செய்தியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்கு முரணானது ஆண்டவர் குரலன்று. ஐயம் எழுந்தால் குருவிடம் கேளுங்கள்.

ஐம்பது ஆண்டுகளாக இக்கோயிலில் ஆண்டவர் நம் குரலைக் கேட்டிருக்கிறார். இப்பொன்விழா ஆண்டில் அவர் குரலை நாம் கேட்போமாக. ஆமென்.