மலையடி ஊரில் கடல் மீன்

(திருவண்ணாமலையில் நடந்த நம் சங்கத்து மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



அண்ணாமலையார் கோபுர நிழலில் வாழும் நாம் மீனைப் பற்றிப் பேசலாகுமா என்று பெரியோர் சிலர் புருவம் நெரிக்கக்கூடும். கார்த்திகை வந்தால் நம்மில் பலர் வீட்டில் மீன்சட்டி கவிழ்ந்தே கிடக்கும் என்பது மெய்யே. ஏனைய மாதங்களின் ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் கடை வாயிலில் நம்மவரையே கூட்டமாகக் காண்கிறேனாதலால், பேசுவதில் குற்றமில்லை என்று துணிந்தேன்.

சென்ற ஆண்டு மே மாதத்தில் என் இல்லத்து மறுவீட்டு விருந்துக்கு வஞ்சிர மீன் வாங்கியவன் நானே. மீனும் பெரிது, விலையும் பெரிது. இரண்டையும் கண்டு மயங்கினேனேயன்றிச் செவுளைத் தூக்கிப் பார்த்தேனில்லை. அன்றிரவே குழந்தைகள் நால்வருக்கு வாந்தியும் பேதியும் கண்டன. ஒரு சிறு பெண் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தாள். சம்பந்தி வீட்டாரை ஏறிட்டுப் பார்க்க எனக்கு வெகுநாள் சென்றது.

அதன்பின் விசாரித்து அறிந்தவற்றையே இங்குச் சொல்ல வந்தேன். புதுச்சேரி, கடலூர்த் துறைகளுக்கும் நமக்கும் இடையே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் வழி உண்டு. தூரம் மட்டும் குற்றமன்று. மீனின் எடைக்கு எடை பனிக்கட்டி இட்டு, உருக உருகப் புதிது சேர்த்துக் கொணர்ந்தால் மீன் கெடாது. கெட்டதன்மேல் பனிக்கட்டியைக் கொட்டுவதனால் மட்டும் பயனில்லை. காலத்தையும் நோக்க வேண்டும். மீன்கள் இனம் பெருகும்பொருட்டு, கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லலாகாது என்பது சட்டம். அந்நாட்களில் கடைக்கு வருவது சிறு படகினர் பிடித்த சொற்பமாகவோ, மேற்குக் கடற்கரையிலிருந்து மலை தாண்டி வந்ததாகவோ, குளிர்கிடங்கில் பல நாள் கிடந்ததாகவோதான் இருக்கும். நான் வாங்கியது எதுவோ, அக்கடைக்காரருக்கே வெளிச்சம். 2018 ஜூன் மாதத்தில் கேரள எல்லைச் சாவடிகளில் பார்மலின் கலந்த மீன் பிடிபட்ட செய்தியை நீங்கள் மறந்திரார். பிணத்தைக் கெடாது வைக்கும் மருந்து அது.

ஆதலின் தாய்மார்களே, கண் தெளிந்து புடைத்திருக்கிறதா, செவுள் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். விரலால் அழுத்தினால் சதை மீண்டெழ வேண்டும். துண்டமாக்கி வைத்திருப்பதை வாங்காது, முழு மீனை நம் கண்முன் வெட்டச் சொல்வதே உத்தமம். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

கடல் மீனே கௌரவம் என்ற எண்ணம் நமக்கு எப்படி வந்ததோ, அறியேன். தென்பெண்ணையின் குறுக்கே 1958-இல் முடிந்த சாத்தனூர் அணை நம் ஜில்லாவிலேயே உள்ளது. அணை பார்க்கப் போனவர்களில் அங்குப் பொரித்த மீனை உண்ணாமல் திரும்பியவர் சிலரே. கட்லாவும் ரோகுவும் ஏரிகளில் வளர்கின்றன. விராலோ தொட்டி நீரில் உயிரோடு விற்கப்படுவது. உயிருள்ள மீனைச் சோதிக்கச் செவுள் எதற்கு?

காய்கறிக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு மனவருத்தம் அதிகம். நம் அங்கத்தினரில் பயிரிடுவோர் பலர். விடியலில் கத்தரிக்காயை மண்டியில் கொட்டி, தரகு போகக் கேட்ட விலைக்குக் கொடுத்து வருகிறார் அண்ணன். எங்கிருந்தோ லாரியில் வந்து வாடிய கத்தரிக்காயை மாலையில் இரட்டை விலைக்கு வாங்குகிறார் தம்பி. 1999 நவம்பர் 14-இல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்ததே இவ்விருவரையும் நேரே சேர்ப்பதற்குத்தான். நம் ஊரிலும் உழவர் சந்தை உண்டு. அங்கே தரகு இல்லை; தராசுக்கு வாடகை இல்லை; அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதி வைக்கிறார்கள். விற்பவருக்கு வேண்டியது விவசாயி என்னும் அடையாள அட்டை ஒன்றே. பொழுது ஏறுமுன் போனால்தான் நல்ல கீரை கிட்டும். எட்டு மணிக்குப் பல் துலக்கும் நம் வாலிபர்களுக்குத் தண்டுதான் மிஞ்சும்.

அவ்வட்டையை நம்மில் எத்தனை பேர் பெற்றிருக்கிறோம்? சென்ற வாரம் கேட்டுப் பார்த்தேன். என் தெருவில் பயிரிடும் பதினோரு பேரில் இருவரே. காரியதரிசியிடம் விண்ணப்பத்துக்கு வேண்டிய விவரங்களைக் கொடுத்திருக்கிறேன். பெயர் கொடுப்போர் பட்டா நகலோடு கூட்டம் கலையுமுன் அவரைக் காண்க. அடுத்த மாதச் சங்க விருந்துக்குரிய காய்கறியை அவ்விருவரிடமே சொல்லிவிட்டேன். மீன் இல்லை.